வார் அறுந்த சாட்சி

அத்தை, இன்று காலை இட்லியைப் பிட்டு வாயருகே கொண்டுபோனபோது விரலில் டயர் நாற்றம் அடித்தது. கம்பெனி கேன்டீனில் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவியும் போகவில்லை. ரப்பரும் ரோட்டுத் தூசியும் கலந்த அந்த நாற்றத்தோடுதான் ஐந்து வருஷமாக நாஷ்டா சாப்பிடுகிறேன். இன்று ஏனோ உங்கள் ஞாபகம் வந்து இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

காரணம் புது டிரைவர். ஆந்திரா எல்லைப் பக்கத்து ஆள், வந்து மூன்று நாள்தான் ஆகிறது. புதுவாயல் கூட்ரோட்டில் வண்டி நின்றதும் நான் ஏறாமல், குனிந்து முன்சக்கரத்தைத் தடவிப் பார்ப்பதை மூன்று நாளும் பார்த்திருக்கிறான். இன்று ஜன்னலில் தலையை நீட்டினான்.

"இன்னா அக்கா, கம்பெனில சேஃப்டி ஆபீசரா நீங்க?"

"இல்லப்பா. மூடி பொறுக்கறவ."

"அப்போ யாரு பாக்கச் சொன்னாங்க?"

யார் சொன்னார்கள் என்பதை ஒரு வார்த்தையில் சொல்ல முடியவில்லை. "வண்டிய எடு, நேரமாவுது" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டேன். பதில் உங்களுக்குத் தெரியும். ஆனால் நீங்கள் போய் இரண்டு மாதம் ஆகிறது. இதை நீங்கள் படிக்கப்போவதில்லை என்றும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன். நேரில் உங்களை நீ, வா, போ என்றுதான் பேசினேன். எழுத உட்கார்ந்தால் 'நீங்கள்' வருகிறது. செத்தபிறகு மரியாதை கூடிப்போச்சா என்று கிண்டல் செய்வீர்கள். செய்துகொள்ளுங்கள்.

உங்கள் மகள் ஷீலா எனக்குப் பத்து வயது இளையவள். பிளாஸ்டிக் மூடி செய்கிற கம்பெனியில் அவளைச் சேர்த்துவிட்டதே நான்தான். என் பக்கத்து மேசை. பெல்ட்டில் வரிசையாக வரும் மூடிகளில் வெடிப்போ பிசிறோ இருந்தால் பொறுக்கி எறிவது எங்கள் வேலை. என் கண்ணுக்குத் தப்பிப் போனதையும் எட்டி எடுத்து, "இன்னாக்கா, தூங்கினு கீறியா?" என்பாள். எட்டு மணி நேரம் மூடியில் கீறல் தேடுவோம். எங்களை ஏற்றிப்போகிற வண்டியின் சக்கரத்தை ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

பொங்கல் கழிந்த வாரம் அது. ரோடு தெரியாத பனி. காலை ஷிப்ட் பஸ்ஸுக்குக் கிளம்பித் தெருமுனைக்கு வந்தபோது என் இடது செருப்பின் வார் அறுந்தது. திரும்பி வீட்டுக்குப் போய் வீட்டுக்காரரின் ஹவாய் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். பஸ் போய்விட்டது. நிறுத்தச் சொல்லி ஷீலா உள்ளேயிருந்து கத்தினாளாம், டிரைவர் கேட்கவில்லை. ஒருநாள் சம்பளம் போச்சே என்று அவனைத் திட்டிக்கொண்டு நின்றேன். அரைமணிக்குள் செய்தி வந்துவிட்டது. ஹைவேயில் முன்டயர் வெடித்து, ஓரமாக நின்ற டிரெய்லர் லாரியில் பஸ் மோதியிருந்தது. பலருக்கும் அடி. செத்தது ஷீலா ஒருத்தி.

நம் சபையில் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் சாட்சி சொல்வது வழக்கம். கர்த்தர் தனக்குச் செய்ததை எழுந்து நின்று எல்லோருக்கும் சொல்ல வேண்டும். காய்ச்சல் விட்டது, பிள்ளை பத்தாவது பாஸ், தொலைந்த சாவி கிடைத்தது, எல்லாமே சாட்சிதான். சொல்லாமல் இருந்தால் நன்றி கெட்டவள். சாட்சி சொல்வதில் எனக்கு நல்ல பேர். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எந்த இடத்தில் குரல் உடைய வேண்டும் என்பதெல்லாம் தானாக வரும். ஷீலாவை அடக்கம் செய்த மூன்றாவது வாரம் பாஸ்டர் மைக்கை என் கையில் கொடுத்தார்.

"அன்னைக்குக் காலைல கர்த்தரே என் செருப்பு வாரப் புடிச்சு அறுத்தாரு. என்ன அந்த வண்டில ஏறவிடல" என்றேன். தகரக் கூரை அதிர 'ஸ்தோத்திரம்' என்றார்கள். நீங்கள் இரண்டாவது பாயில், வெள்ளைப் புடவையில் உட்கார்ந்திருந்தீர்கள். நீங்களும் கையைத் தூக்கி 'ஸ்தோத்திரம்' என்றீர்கள். நான் பார்த்தேன். பார்த்தும் நிறுத்தவில்லை. இதை எழுதும்போது என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அந்தச் சாட்சி என்னைவிட வேகமாக நடந்தது. பக்கத்துச் சபையில் கூப்பிட்டார்கள். வேப்பம்பட்டில் ஒரு வீட்டு ஜெபத்துக்குக் கூப்பிட்டார்கள். பொதட்டூர்பேட்டை கூட்டத்துக்குக் கார் அனுப்பினார்கள். 'செருப்பு சிஸ்டர்' என்றே பேராகிவிட்டது. எனக்குக் கூச்சமாகக்கூட இல்லை அத்தை, பெருமையாகத்தான் இருந்தது.

வெயில் ஏறத் தொடங்கின மாதத்தில் ஒரு மத்தியானம், வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். நீங்கள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கொத்தை எடுத்து ஆய ஆரம்பித்தீர்கள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த வாரு சாட்சிய எனுக்கு ஒருவாட்டி சொல்லேன்" என்றீர்கள். நான் சொன்னேன். அதே நிறுத்தம், அதே குரல். முழுக்கக் கேட்டீர்கள். அப்புறம் கீரையைப் பார்த்துக்கொண்டே பேசினீர்கள்.

"ஷீலா செருப்பு புதுசு. கிறிஸ்மஸுக்கு நாந்தான் கும்மிடிப்பூண்டி பஜார்ல வாங்கிக் குடுத்தேன். பக்கிள் வச்சது. அவ, சும்மா ஒண்ணு போதும்மான்னா. வேலைக்குப் போற பொண்ணு, கெட்டியா இருக்கட்டும்னு நாந்தான் வாங்கினேன். பழசையே போட்டுக்கினு போயிருந்தா, கர்த்தரு அத்த அறுத்திருப்பாரு இல்ல?"

நீங்கள் அழவில்லை. வீட்டில் தனியாக உட்கார்ந்து பலநாள் யோசித்து முடித்துவிட்டு, சரிதானா என்று கேட்க வந்தவர் குரலில் கேட்டீர்கள். கீரையைத் தட்டில் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டீர்கள். நான் பிழைத்ததைச் சொல்லிச் சொல்லி, உங்கள் பிள்ளையை நீங்களே கொன்றதாக உங்களை நம்ப வைத்திருந்தேன். நான் ஏற்படுத்தின காயம் அது. ஆற்ற வேண்டியவளும் நான்தான் என்று அன்றைக்குத் தோன்றியது. எப்படி என்று மட்டும் தெரியவில்லை.

பாஸ்டரிடம் ஓடினேன். நல்ல மனுஷர், குறை சொல்லமாட்டேன். என்னோடு சேர்ந்து கண்கலங்கினார். "தேவ சித்தத்த நாம ஆராயக் கூடாது சிஸ்டர்" என்றார். "வாருக்கு மட்டும் ஆராய்ஞ்சோமே ஐயா" என்றேன். அதற்கு அவர் ஜெபம் பண்ணலாம் என்று கண்ணை மூடினார். நான் மூடவில்லை. மேசைமேல் இருந்த அவர் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோபத்தில் விசுவாசத்தை விட்டவள் என்று என்னைச் சொல்கிறார்கள். கோபம் இல்லை. பல மாதம் பாதிச் சாப்பாட்டில், பாதி வேலையில் யோசித்தேன். அந்தச் செருப்பு வாங்கி மூன்று வருஷம். அதே வாரை பஜாரில் இரண்டு தடவை தைத்திருக்கிறேன். பழசு, அறுந்தது. அதைத் தவிர அதில் ஒன்றுமில்லை. இதை ஒத்துக்கொண்டதும் அடுத்தது தானாக வந்தது. டயரும் பழசு. அடிபட்டவர்கள் பின்னால் சொன்னார்கள், உள்ளே கம்பி தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருந்ததாம். வண்டிக் காண்ட்ராக்டர் மாற்றியிருக்க வேண்டும், மாற்றவில்லை. ஊர் ஊராகப் போய் வாரைப் பற்றிப் பேசினேன். டயரைப் பற்றி நானும் பேசவில்லை, கேட்டவர்களும் கேட்கவில்லை. மேலிருந்து ஒருவர் பார்த்துக்கொள்கிறார் என்று நாங்கள் எல்லோரும் நிம்மதியாக இருந்துவிட்டோம். அப்படி ஒருவர் இல்லை என்று எனக்குத் தெரிந்த இடம் அதுதான்.

சொன்ன இடத்திலேயே திரும்பச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தேன். வீட்டுக்காரர் கெஞ்சினார். "உனுக்கு இன்னா பேஜாரு? நம்பலன்னா மனசுக்குள்ள வச்சிக்கினு போயேன். யாரு கேக்கறாங்க?" என்றார். நீங்கள் கேட்டிருந்தீர்களே. அது அவருக்குத் தெரியாது.

அடுத்த வெள்ளிக்கிழமை மைக்கை நானே போய் வாங்கினேன். "நான் சொன்ன சாட்சி தப்பு. என் செருப்பு பழசு, அதனால அறுந்துச்சு. கர்த்தரு அறுக்கல. என்னக் காப்பாத்தணும்னோ ஷீலாவ விடணும்னோ யாரும் முடிவு பண்ணல. டயரு தேஞ்சிருந்துச்சு, அத மாத்தாம விட்டாங்க. அதான் நடந்துச்சு" என்றேன். இவ்வளவு சொல்வதற்குள் கீபோர்டுக்காரர் பாட்டை ஆரம்பித்துவிட்டார். நான் உங்களைத்தான் பார்த்தேன். உங்கள் முகத்தில் ஒரு பாரம் இறங்கும் என்று எதிர்பார்த்தேன். நீங்கள் எழுந்து செருப்பைக்கூடப் போடாமல் வெளியே போய்விட்டீர்கள்.

பின்னாலேயே ஓடிவந்தேன். குழாயடியில் திரும்பி நின்றீர்கள்.

"ஒரு காரணமாவது வச்சிக்கினு இருந்தேன். நான் பண்ண தப்புன்னாவது இருந்துச்சு. இப்ப ஒண்ணுமே இல்லன்றியா? எம் பொண்ணு சும்மா செத்தாளா?"

"அத்தே..."

"கூப்புடாத."

ஒரு வருஷம் கூப்பிடவில்லை. உண்மையைச் சொன்னால் நல்லது நடக்கும் என்று எனக்குள் இன்னும் ஒரு சபைக்காரி உட்கார்ந்திருந்தாள் போலிருக்கிறது. அவளுக்கும் அன்றைக்கு அடி விழுந்தது.

அந்த ஒரு வருஷத்தைப் பற்றி உங்களிடம் சொன்னதே இல்லை. பின்மாற்றக்காரி, அதாவது விசுவாசத்தை விட்டு விலகினவள், என்று தெருவில் பேர் வந்தது. மாமியார் என் கையால் சாப்பிடுவதை விட்டார். எஸ்தர் என்கிற பேரை எப்போது மாற்றப்போகிறாய் என்று நாத்தனார் கேட்டாள். அதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை பத்து மணியைத்தான் தாங்க முடியவில்லை. ஸ்பீக்கரில் பாட்டு ஆரம்பித்ததும் கால் தானாக எழுந்துகொள்ளும். கடவுள் இல்லாததைவிட, நூறு பேரோடு சேர்ந்து பாட முடியாததுதான் எனக்குப் பெரிய குறையாக இருந்தது. துணி துவைக்கும்போது என்னையறியாமல் அந்த ராகத்தை முணுமுணுத்து, பாதியில் நிறுத்தி, அழுதிருக்கிறேன். இன்றும் சில ஞாயிறு அப்படித்தான்.

பாஸ்டர் ஒருநாள் வழியில் நிறுத்தி, "இனிமே நீங்க யாருக்குப் பயந்து நடப்பீங்க சிஸ்டர்?" என்று கேட்டார். குத்தலாக இல்லை, உண்மையான கவலையோடுதான் கேட்டார். பதில் இரண்டு நாள் கழித்து, புதுவாயலில் பஸ்ஸுக்கு நிற்கும்போது வந்தது. எனக்குப் பயம் உங்கள் முகத்துக்கு. இன்னொரு தாய் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தபடி அப்படி ஒரு கேள்வி கேட்டுவிடக் கூடாது. அந்தப் பயம் போதும், ஆயுசுக்கும் ஒழுங்காக நடக்கலாம்.

அன்று பஸ் வந்ததும் முதல்தடவையாகக் குனிந்து டயரைப் பார்த்தேன். வரியே இல்லை, கையில் வழுக்கியது. ஷீலாவைக் கொன்ற அதே காண்ட்ராக்டர், வேறு வண்டி. "இதுல ஏறமாட்டேன்" என்றேன். டிரைவர் சிரித்தான். மறுநாளும் ஏறவில்லை, ஷேர் ஆட்டோவில் போய் லேட்டாக நின்றேன். மூன்றாம் நாள் என்னோடு மூன்று பேர் ஏறவில்லை. அந்த வாரக் கடைசியில் பதினோரு பேர், கூட்ரோட்டு டீக்கடை ஓரத்தில் டிபன் பையோடு நின்றோம். அதில் பொட்டு வைத்தவர்கள் இருந்தார்கள், சபைக்காரிகள் இருந்தார்கள், பழவேற்காட்டுப் பக்கத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்த ஒரு முஸ்லிம் பெண் இருந்தாள். யாரும் யாரையும் எதை நம்புகிறாய் என்று கேட்கவில்லை. மூடி பெல்ட் ஆளில்லாமல் நின்றதும் கம்பெனியிலிருந்து காண்ட்ராக்டருக்குப் போன் போனது. திங்கட்கிழமை வண்டியின் எல்லா டயரும் புதுசு. வீரம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. வேலை போய்விடும் என்ற பயத்தில் அந்த வாரம் முழுக்க எனக்குப் பேதி.

அடுத்த வாரம் ஒரு விடிகாலையில், தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு நீங்கள் கூட்ரோட்டுக்கு வந்து நின்றீர்கள். என்னோடு பேசவில்லை. பஸ் வந்தது. நேராகப் போய் முன்சக்கரத்தில் உள்ளங்கையை வைத்தீர்கள். புது டயரில் மயிர்போல நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் இழைகள் அதில் இன்னும் உதிராமல் இருந்தன. அதைத் தடவிக்கொண்டே கேட்டீர்கள்.

"இது எத்தினி நாள் வரும்?"

"ரோட்டப் பொறுத்து அத்தே. அடிக்கடி பாக்கணும்."

"யாரு பாப்பாங்க?"

"நான் பாக்கறேன்."

"சாவற வரிக்குமா?"

"வேலைக்கி வர்ற வரிக்கும்."

அந்தப் பதில் உங்களுக்குப் பிடித்துவிட்டது. லேசாகச் சிரித்தீர்கள். அதற்கப்புறம் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் வருவதும் போவதுமாக ஆனோம். நீங்கள் கடைசிவரை சபைக்குப் போனீர்கள், ஒரு வெள்ளிக்கிழமை விட்டதில்லை. என்னை மாற்றவும் பார்க்கவில்லை. "நீ நம்பாட்டி போ. உனுக்கும் சேத்து நான் ஜெபம் பண்ணிக்கிறேன். எனுக்கும் சேத்து நீ டயரப் பாத்துக்கோ" என்றீர்கள். நான் உங்களைக் கேலி செய்ததில்லை. ஒருதடவை மட்டும், ஜெபத்தில் என் பேரைச் சொல்லும்போது இன்க்ரிமென்டும் கேட்டுப் பாருங்கள் என்றேன். அதற்கு முதுகில் ஒன்று வைத்தீர்கள், நல்ல பலமாக.

ஆனால் செருப்பைப் பற்றி நாம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்தக் கேள்வி உங்களை விட்டுப் போய்விட்டதா, உள்ளே கிடக்கிறதா என்று எனக்குத் தெரியவே இல்லை. கேட்கத் தைரியம் வரவில்லை. வண்டியை நிறுத்தத் தெரிந்தவளுக்கு அது தெரியவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால், திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம். மூச்சு கொஞ்சமாகத்தான் வந்துகொண்டிருந்தது உங்களுக்கு. சபையிலிருந்து வந்தவர்கள் பாடி, ஜெபம் செய்து, உங்கள் நெற்றியில் எண்ணெய் தடவிவிட்டு அப்போதுதான் போயிருந்தார்கள். பரலோகத்தில் ஷீலா உங்களுக்காகக் காத்திருக்கிறாள் என்று ஒரு அம்மா சொல்லிவிட்டுப் போனார். நீங்கள் ஆமென் என்றீர்கள். அடுத்து என்னைத்தான் கேட்பீர்கள் என்று நினைத்து, கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் பிள்ளையைப் பார்ப்பேனா என்று கேட்டால் என்ன சொல்வது? சாகிறவளிடம் உண்மை பேசி எதைச் சாதிக்கப்போகிறேன், ஆமாம் என்று சொல்லிவிடலாம் என்றும் இருந்தது. உங்களிடம் ஒருமுறை பொய்ச்சாட்சி சொன்னது போதாதா என்றும் இருந்தது.

நீங்கள் அதைக் கேட்கவில்லை. விரலை அசைத்துக் கிட்டே வரச் சொன்னீர்கள்.

"அவங்க வந்து நல்லா சொல்ட்டுப் போனாங்க. அது அவங்ககிட்ட கேக்கறது. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். நீ என்னச் சமாதானம் பண்றதுக்குன்னு சொல்லமாட்ட. எனுக்குத் தெரியும்."

"கேளு அத்தே."

"நான் அந்தச் செருப்பு வாங்கிக் குடுத்ததாலயா?"

ஏழு வருஷம் அது உள்ளேயே கிடந்திருக்கிறது. இத்தனை ஜெபத்துக்கு அடியிலும், நம் சிரிப்புக்கு அடியிலும் கிடந்திருக்கிறது.

"இல்ல" என்றேன். "இல்ல அத்தே. டயரு. செருப்பு இல்ல. நீ நல்ல செருப்பு வாங்கிக் குடுத்த. உன் பொண்ணு கெட்டியா நடக்கணும்னு வாங்கிக் குடுத்த. அவ்ளோதான்."

என் முகத்தையே ரொம்ப நேரம் பார்த்தீர்கள். பெல்ட்டில் வருகிற மூடியை ஷீலா பார்ப்பாளே, அப்படி. அப்புறம் "சரி" என்று கண்ணை மூடிக்கொண்டீர்கள். மறுநாள் காலை நீங்கள் இல்லை.

எல்லாவற்றையும் சமாதானத்துக்குச் சொல்கிறவர்கள் சொன்ன 'இல்லை'யை நீங்கள் எத்தனையோ தடவை கேட்டிருப்பீர்கள். அது உங்களிடம் ஒட்டவில்லை. குழாயடியில் உங்கள் நெஞ்சைக் கிழித்தவள் சொன்னதால்தான் அன்றைக்கு என் வார்த்தையை எடுத்துக்கொண்டீர்கள். அதை நீங்கள் எடுத்துக்கொண்டதை என் கண்ணால் பார்த்தேன். மேலே ஒருவர் பார்க்கிறார் என்பதற்காக இனி நான் நேர்மையாக இருக்க வேண்டியதில்லை, அத்தை. என்றைக்காவது இன்னொருத்தி என்னைக் கிட்டே கூப்பிட்டு ஒன்று கேட்பாள். அன்றைக்கு என் 'இல்லை'யை அவளும் நம்ப வேண்டும். அதற்காக நேர்மையாக இருக்கிறேன்.

எஸ்தர்